ஸரா, ஹச்சி, வன், டொன்புரி: ஜப்பான் சமையக்கட்டுல எந்தப் பாத்திரத்துக்கு என்ன பேரு?

நிலாச்சோறு:
எல்லாருக்கும் வணக்கம். நான் நகோயால படிக்கிறேன், சாயங்காலம் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில பார்ட் டைம் வேலை, பன்னெண்டு பேர் உக்கார்ற கடை, ஒரு அம்மாவும் மகனும் நடத்துறாங்க. ஜப்பானிய மொழித் தேர்வுல என்3 (நடு நிலை) பாஸ் பண்ணியாச்சு, கிளாஸ்ல பேச்சு நல்லாவே புரியுது, ஆனா சமையக்கட்டுக்குள்ள போனா நான் படிச்சது ஒரு மொழி இவங்க பேசுறது ஒரு மொழின்னு ஆயிடுது. புஸ்தகத்துல ஸரான்னா தட்டு, ச்சாவன்னா கிண்ணம், அவ்வளவுதான் இருந்துச்சு.

நேத்து கடைக்கார அம்மா (இங்க ஒகாமி-சான்னு கூப்பிடணும்) பூசணிக்கா வேகவெச்ச சட்டியைக் காட்டி "கோபச்சி நி மொத்தே"ன்னு சொன்னாங்க. மொத்தேன்னா கையில எடுத்துக்கோன்னு தானே அர்த்தம், நான் ஒரு காலி கோபச்சியை (சின்னக் குழிக் கிண்ணம்) எடுத்துட்டுப் போய் கவுன்ட்டர்ல வெச்சிட்டு நின்னேன். அவங்க என்னைப் பாக்க நான் அவங்களைப் பாக்க, அப்புறம் அவங்களே வந்து பூசணித் துண்டு மூணை எடுத்து அதுல அடுக்கிக் காட்டினாங்க. அடுத்த ஆர்டருக்கு கோபச்சி கழுவப் போயிருந்ததால ஒரு தட்டையான தட்டுல வெச்சேன், அதையும் திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தப் பாத்திரப் பேரு, சாப்பாட்டை எடுத்து வைக்கிறதுக்கான சொல்லு எல்லாம் ஒழுங்கா தெரிஞ்சவங்க சொல்லிக் குடுங்களேன், மனப்பாடம் பண்ணத் தயார்.

மண்சட்டி:
தங்கச்சி, நான் ஒசாகால ஒம்பது வருஷமா சமையக்கட்டுல தான் இருக்கேன், இதே இடத்துல நானும் முழிச்சு நின்னிருக்கேன். உனக்கு வந்த குழப்பம் ரெண்டு வினைச்சொல்லால வந்தது. ஒண்ணு 'மொட்சு', கையில பிடிக்கிறது. இன்னொண்ணு 'மோரு', சாப்பாட்டை பாத்திரத்துல எடுத்து வைக்கிறது, குவிக்கிறது. ரெண்டையும் 'செய்' அப்படிங்கிற தோரணையில சொன்னா ரெண்டுமே 'மொத்தே'ன்னு தான் வரும். கான்ஜியில (சீனத்துலேர்ந்து வந்த எழுத்து) பாத்தா வேற வேற, காதுல விழுந்தா ஒண்ணு. சமையக்கட்டுல எந்தப் பாத்திரத்துலங்கிறதைச் சொல்லி பின்னாடி மொத்தேன்னு வந்தா முக்காவாசி மோரு தான்.

இந்த மோருவைப் பிடிச்சிட்டா பாதி சமையக்கட்டு மொழி கையில வந்துடும். ஓமோரின்னா நிறைய, நாமிமோரின்னா சாதா அளவு, யமாமோரின்னா மலை மாதிரி குவிச்சது. பல வகை மீன் சஷிமியை (பச்சையா நறுக்கின துண்டு) ஒரே தட்டுல வெச்சா மோரியவாசே. மரப்படகுல வெச்சு வந்தா ஃபுனாமோரி. தட்டுல சாப்பாட்டை அழகா அமைக்கிற வேலைக்கே மோரிட்சுகேன்னு பேரு. கடை வாசல்ல ரெண்டு பக்கமும் உப்பைக் கூம்பு மாதிரி வெச்சிருப்பாங்களே, அது மோரிஷியோ. விஷம் வெக்கிறதுக்கும் இதே மோரு தான், "தோகு ஓ மோரு"ம்பாங்க. நடந்ததைக் கூட்டிச் சொன்னா "கதையை மோரு பண்றான்", செல்ஃபி நல்லா விழுந்தா சின்னப் பொண்ணுங்க "மொரெத்தேரு"ங்கும். எல்லாத்துக்கும் அடியில உள்ளது ஒண்ணே தான், மேல மேல வெச்சு உசத்துறது.

வல்லிபுரம்:
மண்சட்டி அண்ணா சொன்னது சரி, ஒண்டு மட்டும் சேர்க்கிறன். சோத்துக்கும் சூப்புக்கும் மோரு எண்டதை விட 'யொஸோவு' எண்டு தான் வீட்டில சொல்லுவினம். ஆனா நான் இருக்கிற ஃபுகுவோகா பக்கம் 'ட்சுகு' எண்டு சொல்லுகினம், மேற்கு ஜப்பான்ல கனபேர் அப்பிடித்தான், தோக்கியோக்காரருக்கு ட்சுகு எண்டால் தேத்தண்ணி, சாக்கே (அரிசி மது) மாதிரி தண்ணிச் சாமான் ஊத்திறது தான் ஞாபகம் வரும். சிலபேர் யொஸோவுவையும் மோருவையும் சேர்த்து 'யொஸொரு' எண்டும் சொல்லுவினம்.

எனக்குப் பிடிச்ச விசயம் என்னெண்டால் யொஸோவு எண்ட சொல்லின்ர பழைய பொருள் உடுத்தி அலங்கரிக்கிறது. ஒரு அகப்பை சோத்தைக் கிண்ணத்தில போடுறதுக்கு, ஒருத்தருக்கு உடுப்புப் போட்டு ஆயத்தப்படுத்திற சொல்லை எடுத்து வச்சிருக்கினம். இதைத் தெரிஞ்ச நாள் தொடக்கம் நான் அகப்பையால சோத்தை அமத்திறேல்ல.

கருங்காலி:
பேரு விஷயத்துக்கு வரேன். நான் சென்னையில இருந்துக்கிட்டு ஜப்பானிய மொழி சொல்லிக் குடுக்கிறவன், பசங்களுக்கு சொல்றதையே இங்கயும் சொல்றேன். பாத்திரம்னு பொதுவா சொல்ல 'உட்சுவா', இல்லேன்னா 'ஷொக்கி'. ஷொக்கி கடையில, பில்லுல, பாத்திரம் கழுவற மெஷின்ல எழுதியிருக்கிற சொல்லு. உட்சுவா கொஞ்சம் மனசோட சொல்ற சொல்லு, ஒருத்தரோட தகுதியை, பெருந்தன்மையைச் சொல்லவும் "அவர் உட்சுவா பெரிசு"ம்பாங்க.

அதுக்குள்ள மூணு குடும்பம். தட்டையா இருந்தா ஸரா. குழிவா, ஆழமா இருந்தா ஹச்சி. கையில ஏந்தி வாய்கிட்ட கொண்டு போறது வன். அவ்வளவு தான், இதுல ஆரம்பிங்க. ஸராவுல மாமேஸரா, மாமேன்னா பயறு, உள்ளங்கைக்குள்ள அடங்கற தட்டு. கோஸரா சின்னத்தட்டு, ஓஸரா நடுவுல வெச்சு எல்லாரும் எடுத்துக்கற பெரிய தட்டு, அதுலேர்ந்து நம்ம பங்கை எடுத்து வெச்சுக்க டோரிஸரா. ஹோட்டலுக்குப் போனா "டோரிஸரா குதஸாய்"னு கேட்டுப் பாருங்க, உடனே கிடைக்கும், இந்த ஒரு சொல்லு தெரியாம நாலு பேர் ஒரே தட்டுல தடுமாறறதை நிறைய பாத்திருக்கேன். நீளமா செவ்வகமா இருந்தா நாகாஸரா, சுட்ட மீனுக்கு. ஹச்சியில சின்னது கோபச்சி, நிலாச்சோறு தேடினது அது தான். கொஞ்சம் சாறோட இருக்கிற பண்டத்தைத் தட்டையா வெச்சா சாறு ஓடி மேல இருக்கிற காய் காஞ்சு போகும், அதான் திருப்பி அனுப்பிச்சிருக்காங்க, கோபம் எல்லாம் இல்லம்மா.

ஸராங்கிற சொல்லு முன்னாடி இன்னொரு சொல்லு ஒட்டிக்கிட்டா அந்த 'ஸ' வண்டு ரீங்காரம் போடற மாதிரி அதிரும், ஹச்சி 'பச்சி' ஆகும். நமக்கு இது புதுசே இல்ல. 'பானை'ன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் 'மண்பானை'ன்னு சொல்லிப் பாருங்க, ரெண்டாவதுல ப எப்படி மாறுதுன்னு தொண்டையில கை வெச்சாலே தெரியும். அவங்க அதை எழுத்துலயும் காட்டறாங்க, நாம காட்டறதில்ல.

அளவு இன்னும் பழைய கணக்குல தான் ஓடுது. ஒரு 'சுன்' சுமார் 3 சென்டிமீட்டர். அஞ்சு சுன் தட்டுன்னா 15 சென்டிமீட்டர், பத்து சுன் சேர்ந்தா ஒரு ஷாக்கு, 30 சென்டிமீட்டர். பாத்திரக் கடைக்காரர் கிட்ட "ஏழு சுன் தட்டு வேணும்"னு கேட்டா நீங்க எந்த அளவு கேக்கறீங்கன்னு அவருக்கு உடனே புரியும்.

தூக்குவாளி:
இவ்வளவு படிக்கணுமான்னு தோணுது. நான் தோக்கியோல ஐடில இருக்கேன், என் பக்கத்து சீட்டுக்காரங்க எல்லாத்தையும் ஒஸரான்னு தான் சொல்றாங்க, ஹஸ்ஸுன் முகோஸுகே எல்லாம் ஒரு வேளைக்கு இருபதாயிரம் யென் வாங்குற இடத்து பாஷை. புதுசா வர்றவங்களை இதெல்லாம் சொல்லி பயமுறுத்த வேணாம்னு நெனைக்கிறேன்.

மண்சட்டி:
தம்பி, பாதி ஒத்துக்கிறேன். ஹஸ்ஸுன் எல்லாம் தினசரிப் பேச்சுல வராது. ஆனா டோரிஸரா, கோபச்சி, டொன்புரி, ச்சாவன், யுனோமி (கைப்பிடி இல்லாத டீ கப்) இதெல்லாம் நூறு யென் கடை அலமாரியிலயே எழுதி ஒட்டியிருக்கு, நாளைக்குப் போனா பாரு. டொன்புரின்னா பெரிய ஆழக் கிண்ணம், அதுல சோத்தைப் போட்டு மேல எதையாவது வெச்சுக் குடுத்தா பண்டத்துக்கும் அதே பேரு, சுருக்கி 'டொன்', கியூடொன் காட்சுடொன் ஒயாகோடொன் எல்லாம் நீ மத்தியானம் சாப்பிடுறது தானே. ஐடில இருக்கிறவனுக்கு அது போதும், சரி. அந்தப் பொண்ணு சமையக்கட்டுல நிக்குது, கூடை தூக்குறவனுக்கு கூடையோட பேரு தெரிஞ்சாகணும்.

ஹஸ்ஸுனைப் பத்தி சொல்லிட்டதால அதையும் விட மனசில்ல. ஹஸ்ஸுன்னா எட்டு சுன், அவ்வளவு தான் அர்த்தம். தேவதாரு மாதிரி மணக்குற சுகி மரத்துல எட்டு சுன் சதுரத் தாம்பாளம், 24 சென்டிமீட்டர் சொச்சம். தேநீர் விருந்துல அதுல கடல்ல விளைஞ்சது ஒண்ணு, மலையில விளைஞ்சது ஒண்ணு வெச்சு சாக்கேயோட குடுப்பாங்க. நாளாவட்டத்துல தாம்பாளத்தோட அளவே அந்தப் பந்திக்குப் பேரா ஆயிடுச்சு. முகோஸுகேயும் அப்படித்தான், 'அந்தப் பக்கம் வெக்கிறது'ன்னு அர்த்தம், சோறும் சூப்பும் நம்ம பக்கம், அதுக்கு அப்பால வெக்கிற கிண்ணம், பெரும்பாலும் சஷிமி. இடத்தோட பேரு பண்டத்துக்கு, பண்டத்தோட பேரு கிண்ணத்துக்கு. இந்த ஊர்ல இது மாறி மாறிப் போய்க்கிட்டே இருக்கும், அதுக்குப் பழகிக்கணும்.

நிலாச்சோறு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நோட்ல எழுதிக்கிட்டே இருக்கேன். ஒரு சந்தேகம். வன் எழுதறப்போ மரக்குறி போட்டு ஒரு எழுத்து, கல்குறி போட்டு ஒரு எழுத்து இருக்கு. மரத்துல செஞ்சு அரக்குப் பூசின சூப் கிண்ணத்துக்கு மரக்குறி, பீங்கானுக்குக் கல்குறின்னு கடைக்கார அண்ணன் சொன்னாரு, நல்லா புரிஞ்சுது. ஆனா ஹச்சிக்கு உலோகக்குறி போட்டிருக்கு, எங்க கடையில இருக்கிற ஹச்சி அத்தனையும் மண்ணு, ஒண்ணு கூட உலோகம் இல்ல. ஏன்?

பழங்கஞ்சி:
இந்தக் கேள்விக்காகவே லாகின் பண்றேன் அம்மா. ஹச்சிங்கிறது ஜப்பானியச் சொல்லே இல்லை, சீனா வழியா புத்த மதத்தோட வந்தது. சமஸ்கிருதத்துல 'பாத்ர'ங்கிற சொல்லை சீனத்துல ஒலி பெயர்த்து எழுதினாங்க, ஜப்பான்ல அது 'ஹத்தரா'ன்னு ஆச்சு, அதைச் சுருக்கி முதல் எழுத்தை மட்டும் வெச்சுக்கிட்டது தான் ஹச்சி. அதாவது நாம தினம் சொல்ற 'பாத்திரம்' தான் அது. நீங்க கையில காலியா எடுத்துட்டுப் போய் நின்னீங்களே, அதோட பேரு சின்னப் பாத்திரம்.

புத்த பிக்குகளோட பிச்சைப் பாத்திரம் இரும்புல இருக்கலாம், மண்ணுல இருக்கலாம், மரத்துல கூடாதுன்னு பழைய விதி. இரும்புல ஆனதுக்கு தெப்பட்சுன்னே தனிப் பேரு உண்டு. அந்த உலோகக்குறியை நான் அந்தக் கண்ணோட தான் பாக்கறேன். இப்பவும் துறவிங்க வீடு வீடா போய் பிச்சை வாங்கறது 'தகுஹட்சு', அந்த ஹட்சுவும் இதே எழுத்து. ஜென் மடத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கற கிண்ண அடுக்கு ஒண்ணு ஒவ்வொருத்தருக்கும் இருக்கும், ஓரியோக்கின்னு பேரு, 'தேவையான அளவு கொள்ற கலம்'னு அர்த்தம்.

நம்ம பக்கம் மணிமேகலையில அமுதசுரபி கையில வர்ற இடத்துக்குப் 'பாத்திரம் பெற்ற காதை'ன்னு தான் தலைப்பு. பசிக்கிறவங்களுக்குச் சோறு போடற ஓடு. அங்கயும் புத்த சமயம், இங்கயும் புத்த சமயம், சொல்லும் ஒண்ணு. நம்மூர்ல அண்டா குண்டா எல்லாம் பாத்திரம் ஆச்சு, அங்க பூந்தொட்டி கூட ஹச்சி ஆச்சு, உயேகிபச்சின்னு சொல்லுவாங்க. சுஷி கடையில சோத்தை 'ஷாரி'ன்னு சொல்றாங்களே, அதுவும் நம்ம 'சரீரம்' தான், புத்தரோட அஸ்திக்கு வழங்கின பேரு, வெள்ளையா பொடிசா இருக்கிறதால அரிசிக்கு வந்துதுங்கிறது வழக்கமா சொல்ற விளக்கம்.

தூக்குவாளி:
ஐயா, மேல நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். மூணு வருஷமா ஹச்சின்னு சொல்லிட்டிருக்கேன், பாத்திரம்னு தெரியாது. இன்னும் சொல்லுங்க.

வல்லிபுரம்:
நிலாச்சோறு தங்கச்சி, உங்கட கடையில மோரிட்சுகே செய்யிறதைக் கிட்ட நிண்டு பாருங்கோ. நான் முதல் வேலை செய்த இடத்தில பெரியவர் ஒருத்தர் கீரைக்கு எள்ளு அரைச்சுப் பிரட்டி வைக்கிறதைப் பார்த்தது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. நுனி ஊசி மாதிரி இருக்கிற குச்சி, மோரிபாஷி எண்டு பெயர், அதால ஒரு பிடி கீரையை எடுத்து கோபச்சிக்கு நடுவில வைப்பார், அதுக்கு மேல கொஞ்சம் சின்னப் பிடி, அதுக்கு மேல இன்னும் சின்னது, சுகி மரம் மாதிரிக் கூம்பா நிக்கும். அதாலதான் சுகிமோரி எண்டு பேர். கிண்ணத்தின்ர விளிம்பில ஒரு துளி படாது. சுத்திவர வெறும் இடம் விட்டிருப்பார், அதுக்கு 'யொஹாகு' எண்டு சொல்லுவினம், அந்த வெறும் இடமும் கணக்கில சேர்த்தி. கடைசியா உச்சியில ஊசி மாதிரி அரிஞ்ச இஞ்சி ஒரு சிட்டிகை. அது தென்மோரி. வடிவுக்கு மட்டும் இல்ல, "இதில இன்னும் ஒருத்தரும் கை வைக்கேல்ல, உங்களுக்காகத்தான் வச்சது" எண்டு சாப்பிட வாறவருக்குச் சொல்லிற அடையாளம். நானும் செய்து பார்த்தன், என்ர கீரை சரிஞ்சு கொண்டே இருந்தது, தண்ணியை வடிவாப் பிழியேல்ல எண்டு அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் திருப்பிப் பிழிஞ்சு காட்டினார்.

மீன் முழுசா வைச்சால் தலை இடப்பக்கம், வயிறு சாப்பிடுறவரின்ர பக்கம், 'கஷிராஹிதாரி'. துருவின முள்ளங்கி வலப்பக்கம் முன்னுக்கு. சோறு இடம், சூப்பு வலம், குச்சி முன்னால கிடையா, நுனி இடப்பக்கம். இவ்வளவும் பிழைக்காமல் வைச்சால் ஒருத்தரும் திருப்பி அனுப்பாயினம்.

கருங்காலி:
வட்டத் தாம்பாளம், சதுரத் தாம்பாளம் வெக்கறதுக்கும் ஒரு வாய்ப்பாடு இருக்கு, "மாரு மாயே, காகு முகோ". மரத்தை வளைச்சு ஒட்டின இடம் ஒண்ணு இருக்கும் இல்லையா, வட்டமா இருந்தா அந்த ஒட்டு சாப்பிடறவர் பக்கம், சதுரமா இருந்தா எதிர்ப்பக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துலயே கேப்பாங்க, எழுதி வெச்சுக்குங்க. அரக்கு கிண்ணத்து மூடி சூட்டுல ஒட்டிக்கிட்டு வரலேன்னா மூடியை இழுக்கக் கூடாது, கிண்ணத்தோட விளிம்பை ரெண்டு விரலால லேசா அமுக்கணும், காத்து உள்ள போய் மூடி தானா விட்டுடும்.

வாழையிலை:
நான் ஜப்பான் போனதே இல்லைங்க, மொழி மட்டும் படிக்கிறேன், கோயமுத்தூர். ஒண்ணு கேக்கோணும். இலையில சாப்பிடற பழக்கம் அங்க இருந்துச்சுங்களா?

பழங்கஞ்சி:
நல்லாவே இருந்தது. 658ல அரிமாங்கிற இளவரசனை அரச துரோகம்னு பிடிச்சிட்டுப் போறப்போ வழியில பாடினதா ஒரு பாட்டு மன்யோஷூங்கிற பழைய ஜப்பானியப் பாட்டுத் தொகுப்புல இருக்கு. வீட்டுல இருந்தா கலத்துல வெச்சுச் சாப்பிடுவேன், இப்போ வழிப்பயணம்கிறதால ஷீ மரத்து இலையில சோத்தை வெக்கிறேன்னு அவ்வளவு தான் பாட்டு. அதுல மேல நண்பர் சொன்ன அதே மோரு ரெண்டு தடவை வரும், ஒரு தடவை வீட்டுக் கலத்துக்கு, ஒரு தடவை இலைக்கு. அந்தப் பயணத்துலயே அவனைக் கொன்னுட்டாங்க, வயசு பத்தொம்பது. வகுப்புல அந்தப் பாட்டைச் சொல்லிக் குடுக்கிற அன்னிக்கு எனக்கு மேல பேச வராது.

இப்பவும் பண்டத்துக்கு அடியில இலை, காகிதம் விரிச்சா 'காய்ஷிகி'ன்னு சொல்வாங்க. மூங்கில் இலை, நந்தென் இலை, இலையுதிர் காலத்துல சிவந்த மேப்பிள். ஹிதா தாகாயாமா பக்கம் ஹோபாங்கிற பெரிய காஞ்ச இலை மேல மிசோவை (புளிக்க வெச்ச சோயா விழுது) வெச்சு அடியில தணல் போட்டுச் சுடுவாங்க. தோகுஷிமா மாவட்டத்துல காமிகாட்சுன்னு மலைக் கிராமம், அங்க வயசான பாட்டிமார் இந்த இலைகளைப் பறிச்சு, தரம் பிரிச்சு, ஊர் ஊரா இருக்கிற உணவகங்களுக்கு அனுப்பி சம்பாதிக்கிறாங்க. இலை மேல ஒரு புள்ளி இருந்தாலும் கழிச்சிடுவாங்க.

வாழையிலை:
ரொம்ப நன்றிங்க ஐயா. பந்தியில நுனி இடப்பக்கம் வரோணும்னு எங்க அம்மாயி திருப்பித் திருப்பிப் போடுவாங்க, அது ஞாபகம் வந்துருச்சு.

மண்சட்டி:
நகோயால இருக்கிறவங்க செட்டோ போகாம இருக்கக் கூடாது, அதைச் சொல்லாம விட்டுட்டேன். மெய்டெட்சு செட்டோ லைன்ல முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம். கிழக்கு ஜப்பான்ல பீங்கானுக்கே 'செட்டோமோனோ'ன்னு பேரு, அந்த ஊர்ச் சாமான்னு அர்த்தம். வல்லிபுரம் இருக்கிற பக்கம் வயசானவங்க 'காராட்சுமோனோ'ங்கும், அது சாகா மாவட்டத்து காராட்சு ஊரு. அரித்தாவுல செஞ்ச பீங்கான் இமாரி துறைமுகத்துலேர்ந்து கப்பல் ஏறினதால இமாரி ஆச்சு. 1590கள்ல ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கொரியா மேல படையெடுத்தப்போ கொண்டு வந்த குயவர்கள் கைவேலையில வளர்ந்தது தான் காராட்சுவும் அரித்தாவும், பாத்திரத்தோட அழகைப் பேசுறப்போ அவங்க ஊரை விட்டு வந்த கதையையும் சேர்த்துப் பேசணும்னு நான் நெனைக்கிறேன். இன்னொண்ணு, சுட்ட மண்ணும் 'யாகிமோனோ', சுட்ட மீனும் 'யாகிமோனோ', மெனுவுல பாத்து மெரள வேணாம்.

கிதாவோஜி ரொஸான்ஜின்னு ஒருத்தர், 1883ல பொறந்தவர், சமைக்கவும் செய்வார் மண் பிசையவும் செய்வார். பாத்திரம் சாப்பாட்டோட கிமோனோன்னு சொன்னவர். தன்னோட சாப்பாட்டுக்குத் தக்க பாத்திரம் வேணும்னு தானே சூளை போட்டார். மேல யொஸோவுன்னா உடுத்துறதுன்னு வந்துச்சே, அதைப் படிச்சதும் அவர் தான் ஞாபகத்துக்கு வந்தார்.

நிலாச்சோறு:
ஞாயித்துக்கிழமை செட்டோ போயிட்டு வந்தேன் அண்ணா. ஓரத்துல சின்ன சுழி விழுந்த ஒரு கோபச்சி முந்நூறு யென்னுக்குக் கிடைச்சுது, இன்னிக்கு ரூம்ல அதுல தான் தயிர் சாதம்.

கடையில ஒகாமி-சான் கிட்ட ஹச்சியும் எங்க ஊர் பாத்திரமும் ஒரே சொல்லுன்னு சொன்னேன். கழுவிட்டிருந்த கையைத் தொடச்சிட்டு வந்து "இன்னொரு தடவை சொல்லு"ன்னாங்க, பா-த்தி-ரம்னு மூணு தடவை சொல்லிப் பாத்தாங்க. அப்புறம் மகனைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. இப்போ கோபச்சி வேணும்னா சில சமயம் "பாத்திரம்"னே கூப்பிடறாங்க.

கடைசியா ஒண்ணு. அலமாரியில ஒரு ஹச்சிக்கு ஒரு பக்கம் மட்டும் மூக்கு மாதிரி இருக்கு, பேரு காதாகுச்சியாம். அதுல உருளைக்கிழங்கு வெச்சுக் குடுக்கிறாங்க, சாக்கேயும் ஊத்துறாங்க. எதுக்கானது அது?

வல்லிபுரம்:
காதா எண்டால் ஒரு பக்கம், குச்சி எண்டால் வாய். முந்தி எண்ணெய், சோயா சோஸ் ஊத்தினது, இப்ப கறியும் வைப்பினம். பிள்ளைக்குப் பால் பருக்கிற பாலாடை இருக்கெல்லோ தங்கச்சி, அதைப் பெருசாக்கிப் பாருங்கோ, அதே உருவம்.